ஒரு சனிக்கிழமை, ஒரு சிலை, ஒரு புத்தகம்: கொழும்பில் பிள்ளைகளோடு வெளியே போக ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து சேரும் குடும்பங்கள் முதல் இரண்டு மூன்று வருடங்கள் ஒரே வட்டத்துக்குள்தான் சுற்றுகின்றன. வீடு, பள்ளிக்கூடம், டியூசன், ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடல். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ஊரில் பிள்ளைகளுக்கு முற்றம் இருந்தது, மண் இருந்தது, கதை சொல்ல அம்மம்மா இருந்தா. வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் இருந்ததெல்லாம் ஒரு பல்கனியும் அதில் காயப்போட்ட உடுப்பும்தான். மகள் நாள் முழுவதும் போனும் கையுமாக இருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் சனிக்கிழமைகளில் வெளியே கூட்டிப் போகத் தொடங்கினேன். இப்போது அவளும் தம்பியும் கையில் கிடைத்ததை எல்லாம் வாசிக்கிறார்கள், கண்டதை எல்லாம் கீறுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நாங்கள் போன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

முதலில் ஒரு பை

ஒரு துணிப்பையை இதற்கென்றே ஒதுக்கிக் கதவடியில் கொளுவி வையுங்கள். உள்ளே ஆளுக்கொரு கோடில்லாத கொப்பி, இரண்டு பென்சில், சீவி, அழிறப்பர், தண்ணீர்ப் போத்தல், பணிஸ் அல்லது வாழைப்பழம், ஒரு குடை. பஸ்டலும் தண்ணீர்ச் சாயமும் வேண்டாம். போகிற இடத்தில் சுவரிலோ கதிரையிலோ பட்டால் பிரச்சினை, பிள்ளைக்கும் அந்த நாள் கெட்டுப்போகும். பென்சில் எங்கேயும் போகும்.

கொப்பி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அது பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பியாக இருக்கக் கூடாது. அங்கே புள்ளி விழும், சிவப்புப் பேனை விழும். இந்தக் கொப்பியில் நீங்கள் ஒன்றுமே எழுதாதீர்கள், திருத்தாதீர்கள். "யானைக்குக் கால் சின்னனாய்ப் போச்சே" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த கிழமை யானை இராது.

நேரத்தைப் பொறுத்தவரை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டுக்குள் வீடு திரும்புங்கள். கொழும்பு வெய்யிலில் மத்தியானத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் எதையும் பார்க்கப் பொறுமை இருக்காது. போயா நாளிலும் அரச விடுமுறை நாட்களிலும் பல இடங்கள் பூட்டியிருக்கும், முதல் நாளே போன் எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

போகும் வழியிலேயே தொடங்கிவிடும்

முடிந்தால் ரயிலில் போங்கள். கரையோரப் பாதையில் வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப்பலகை மூன்று மொழிகளில் இருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கும் வயதில் என் மகனுக்கு இதைவிட நல்ல அரிச்சுவடி கிடைத்திருக்காது. ரயில் நிற்கிற அந்தச் சில விநாடிக்குள் வாசித்து முடிக்க வேண்டும் என்பதே அவனுக்கு விளையாட்டு. கொ, கொள், கொள்ளு என்று இழுத்து முடிப்பதற்குள் ரயில் புறப்பட்டுவிடும், அடுத்த தடவை பார்ப்போம் என்பான். தமிழ் முடிந்த பிறகு அதே பலகையில் சிங்கள எழுத்துகளையும் தானாகவே பொருத்திப் பார்க்கத் தொடங்கினான்.

முதற் பயணம்: பொது நூலகம்

முதல் நாளுக்கு கொழும்புப் பொது நூலகத்தைத்தான் சொல்வேன். 1925 இல் தொடங்கியது, கொழும்பு மாநகர சபையுடையது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில், கிரீன் பாத் என்று எல்லோரும் சொல்கிற ஆனந்த குமாரசுவாமி மாவத்தைக்குக் கிட்ட இருக்கிறது. ஓட்டோக்காரரிடம் "கிரீன் பாத் லைப்ரரி" என்றால் நேரே கொண்டுபோய் விடுவார். பஸ்ஸில் வருகிறவர்கள் காலி வீதியால் கொள்ளுப்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடிக்கலாம்.

அங்கத்துவத்துக்கு உங்கள் அடையாள அட்டையையும், வீட்டு முகவரி தெரிகிற மின்சாரப் பட்டியலையும் கொண்டு போங்கள். படிவத்தில் பிள்ளையின் பெயரைப் பிள்ளையையே எழுத விடுங்கள். நேரம் எடுக்கும், பின்னால் நிற்பவர் பொறுத்துக்கொள்வார். தன் பெயரில் ஒரு நூலக அட்டை இருப்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை என் மகள் அந்த அட்டையைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்த இரவில்தான் உணர்ந்தேன்.

சிறுவர் பிரிவுக்குள் போனதும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு கதிரையில் இருந்து, உங்களுக்கென ஒரு புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். பிள்ளை அலுமாரி அலுமாரியாக அலையட்டும். நாம் பின்னால் நின்று "இது நல்ல புத்தகம், அறிவு வளரும்" என்று நீட்டிக்கொண்டிருந்தால், அது இன்னொரு டியூசன் வகுப்பாகிவிடும்.

மகன் முதல் நாள் எடுத்தது லொறிகளும் மண் அள்ளும் இயந்திரங்களும் நிறைந்த ஒரு சிங்களப் படப் புத்தகம். அவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தட்டுத் தடுமாறித்தான் வரும். வேண்டாம், தமிழில் ஒன்று எடு என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்லகாலம், சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேல் மாடிச் சிங்கள அன்ரியிடம் தானே போனான். அவர் தன் வேலையை விட்டுவிட்டு வாசலில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டினார். இரண்டு கிழமை அந்த வாசல்படிதான் அவனுடைய நூலகம்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1942 இல் தொடங்கிய சங்கம் அது. வெள்ளவத்தையில் இருப்பவர்கள் நடந்தே போகலாம் என்பதால், மழைச் சனிக்கிழமைகளுக்கு நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் பின்னேரங்களில் நடக்கும் நூல் வெளியீட்டு விழாக்களுக்குச் சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மணி நேரம் பேச்சைக் கேட்டுக் கதிரையில் நெளிந்த பிள்ளைக்கு, புத்தகம் என்றாலே அந்த நெளிவுதான் ஞாபகம் வரும்.

இரண்டாவது: நூதனசாலையில் ஒரே ஒரு பொருள்

தேசிய நூதனசாலை நூலகத்திலிருந்து நடக்கிற தூரம். 1877 இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் திறந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். உள்நாட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் குறைவு.

இங்கேதான் நான் முதலில் பிழைவிட்டேன். காசு கொடுத்து வந்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று முதல் தடவை அறை அறையாக நடத்தினேன். மூன்றாவது அறையில் மகள் நிலத்தில் இருந்துவிட்டாள், ஐந்தாவதில் அழுகை. வீட்டுக்கு வந்து என்ன பார்த்தாய் என்று அப்பா கேட்க, "நிறையக் கண்ணாடிப் பெட்டி" என்றாள்.

அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டோம். வாசலில் கேட்டு, அந்த ஒன்றுக்கே நேரே போய், அதற்கு முன்னால் அரை மணி நேரம். நீங்கள் தொடங்குவதற்கு மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த கல், 1409 என்ற காலம் பொறித்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குமாகக் காணிக்கைகளைச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தது வேறு: 1911 இல் காலியில் கண்டெடுத்தபோது இந்தக் கல் ஒரு வாய்க்காலுக்கு மூடியாகக் கிடந்தது. வாய்க்கால் மூடி என்று சொன்னதும் மகள் குந்தி இருந்து பார்க்கத் தொடங்கினாள்.

"அம்மா, மேலே ரெண்டு பாம்பு நிக்குது."

பாம்பில்லை, வலுசர்ப்பம், சீனாக்காரருடையது என்றேன். அவள் கேட்கவில்லை. ஒன்று மற்றதைப் பார்க்கிறதா, நடுவில் இருப்பதைப் பார்க்கிறதா என்பதுதான் அவளுக்குப் பிரச்சினை. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள், தள்ளி நின்றாள், திரும்பக் கிட்டப் போனாள். பிறகு கொப்பியை முழங்காலில் வைத்து இரண்டு வலுசர்ப்பங்களையும் கீறினாள். ஒன்றுக்குப் பல் வைத்தாள், மற்றதற்கு மறந்துவிட்டாள். கீழே தேய்ந்துபோன எழுத்துகளில் தனக்குத் தெரிந்த தமிழ் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பென்சில் நுனியைக் காற்றில் ஓட்டித் தேடினாள். அந்த அரை மணி நேரத்தில் நான் பேசியது மொத்தம் நான்கு வசனம் இருக்கும்.

இரண்டாவது பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள். நடராசரைப் பிள்ளைகள் வீட்டுச் சாமியறையிலும் பரதநாட்டிய மேடையிலும் பார்த்திருப்பார்கள். இங்கே அதே ஆளைப் பல நூறு வருடம் மண்ணுக்குள் இருந்து எழுந்து வந்தவராகப் பார்க்கலாம். கேள்வி கேட்க விரும்பினால் "இது யார்?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சை. "நீயும் அப்படி ஒரு காலில் நில், பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நின்று பார்த்தால்தான் எந்தப் பக்கம் பாரம் போகிறது, தூக்கிய கால் ஏன் குறுக்கே வருகிறது என்று உடம்புக்குத் தெரியும். அதற்குப் பிறகு கீறுகிற படமே வேறு மாதிரி இருக்கும். சுந்தரமூர்த்தி நாயனார் சிலையிடமும் ஒரு நாள் போங்கள்.

மூன்றாவது கண்டி அரசர்களின் சிம்மாசனம். 1693 இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815 இல் கண்டி விழுந்த பிறகு இங்கிலாந்துக்குப் போய், 1934 இல் திரும்பி வந்தது. கைப்பிடி இரண்டிலும் சிங்கங்கள். இதில் கடைசியாக இருந்த அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணுசாமி என்ற பெயரோடு சரித்திரப் பாடத்தில் படிக்கிற அதே ஆள். படித்த பெயருக்கு ஒரு கதிரை கிடைத்துவிடுகிறது.

நூதனசாலையால் வெளியே வந்ததும் பூங்காவில் ஓட விடுங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்த கால்களுக்கு அது உரிமை.

மூன்றாவது: படம் கீறுகிறவர்களைப் பார்ப்பது

பிள்ளைகள் ஓவியத்தைப் பார்ப்பதைவிட, ஓவியம் செய்கிற மனிதரைப் பார்க்க வேண்டும். கிரீன் பாத் நடைபாதையில் ஓவியர்கள் படங்களை வேலியோரமாக வைத்து விற்பது வழக்கம். நுழைவுச் சீட்டில்லை, சத்தம் போடாதே என்பாரில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, ஆனால் மரியாதையாகப் பேசுங்கள். "இந்தத் தண்ணிக்கு என்ன நிறம் போட்டீங்க?" என்று பிள்ளை கேட்டால் அனேகமான ஓவியர்கள் சந்தோசமாகச் சொல்வார்கள்.

வருடத்தில் ஒரு நாள், வழக்கமாக வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, இதே தெருவில் கலா பொல நடக்கும். பொல என்றால் சிங்களத்தில் சந்தை. இதை 1993 இல் தொடங்கியது ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரில் உள்ள ஜோர்ஜ் கீற் மன்றம். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் ஓவியர்களும் சிற்பிகளும் வந்து தெருவோரத்தில் தங்கள் வேலைகளை விரித்து வைப்பார்கள். காலை வெய்யில் ஏறுமுன் போங்கள். பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்: எல்லாப் படங்களுக்குள்ளும் தனக்குப் பிடித்த ஒன்றைத் தெரிவுசெய்து, திரும்பும்போது அதன் முன்னால் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஏன் பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை. நீங்களும் ஒன்றைத் தெரிந்து காட்டுங்கள்.

இந்தத் தெருவின் பெயர்ப்பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆனந்த குமாரசுவாமி 1877 இல் கொழும்பில் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். இந்த மண்ணின் சிற்பத்தையும் ஓவியத்தையும் கைவினையையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அறிஞர். படம் விற்கிற தெருவுக்கு அவர் பெயர் இருப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் நிறைகிற விஷயம். பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள், பத்து வயதுக்கு மேல் என்றால், பார்ன்ஸ் பிளேசில் இருக்கும் சப்புமல் மன்றத்துக்குக் கூட்டிப் போகலாம். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1943 இல் ஒன்றுசேர்ந்ததால் '43 குழு என்று பெயர் பெற்ற ஓவியர்களின் படங்கள் அங்கே சுவர்களில் தொங்குகின்றன. வீடு மாதிரியே இருப்பதால் பிள்ளைகளுக்குப் பயம் வராது. கில்ட்போர்ட் கிரசென்டில் உள்ள லயனல் வென்ட் அரங்கிலும் அடிக்கடி கண்காட்சிகள் நடக்கும், பத்திரிகையில் பார்த்து வையுங்கள்.

நான்காவது: கோயிலும் கலைக்கூடந்தான்

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குக் கும்பிடப் போகாத கொழும்புத் தமிழர் குறைவு. அடுத்த தடவை கொப்பியையும் கொண்டு போங்கள். பொன்னம்பல முதலியார் 1857 இல் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இலிருந்து 1912 வரையான காலத்தில் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். இராமநாதனின் தாயார் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி. அதாவது, கிரீன் பாத் பலகையில் பெயருள்ளவரும் இந்தக் கோயிலைக் கட்டியவரும் மச்சான் முறை. இதைச் சொன்னபோது மகன் "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடினவையோ?" என்று கேட்டான். வயது வித்தியாசம் மிக அதிகம் என்று விளக்க வேண்டியதாயிற்று.

கும்பிட்டு முடித்து, கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பூசை இல்லாத நேரத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ஒரே தூண். கருங்கல் குளிர்ச்சியை முதலில் கையால் தொட்டுப் பார்க்கட்டும், நூதனசாலையில் தொட முடியாது. பிறகு அந்தத் தூணில் உள்ள ஒரு பூவை மட்டும் கீறச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை வெளியே நின்று பாருங்கள். சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக, சுருள்சுருளாக ஏறிப்போகும் கட்டடம். கோடும் வட்டமும் கீறத் தெரிந்த நாலு வயதுப் பிள்ளைக்கும் அதைக் கீறலாம். புறக்கோட்டைச் சன நெரிசலுக்கு ஞாயிறு காலைதான் சரி.

ஐந்தாவது: புத்தகக் கடை

செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. புறக்கோட்டை பீப்பிள்ஸ் பார்க் கட்டடத்தில் சேமமடு பொத்தகசாலை. பழைய புத்தகங்களுக்கு மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தை நடைபாதைக் கடைகள். அங்கே பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும்தான், ஆனாலும் படம் நிறைந்த பழைய புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். விலை பேசலாம்.

கடைக்குள் போகுமுன் காசைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். ஐந்நூறோ ஆயிரமோ, உங்கள் வசதிப்படி. அந்தக் காசுக்குள் எதை வாங்குவது என்பது முழுக்கப் பிள்ளையின் முடிவு. ஒரு கடையில், பெயர் வேண்டாம், மகன் புத்தகத்தை விரித்துப் பார்த்ததற்கு "வாங்கிறதெண்டால் தொடு" என்று ஒருவர் அதட்டினார். அவன் கை நடுங்கிப் புத்தகத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அந்தக் கடைக்குப் பிறகு நாங்கள் போகவில்லை. விரித்துப் பார்க்காமல் ஒரு பிள்ளை எப்படிப் புத்தகத்தைத் தெரிவுசெய்யும்? பிள்ளையை இருக்கவைத்துப் பார்க்க விடுகிற கடைக்காரரைக் கண்டுபிடித்து, அவரிடமே தொடர்ந்து வாங்குங்கள்.

செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் பெரிய புத்தகக் கண்காட்சி நடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வார இறுதிச் சனம் தாங்காது, முடிந்தால் வாரநாள் காலையில் போங்கள். தமிழ்க் கடைகள் குறைவு. அதனால் வாசலிலேயே அவை எந்த மண்டபத்தில் என்று கேட்டு, கால் வலிக்குமுன் அங்கே போய்விடுங்கள். உங்கள் போன் இலக்கத்தைப் பிள்ளையின் கையில் பேனையால் எழுதி விடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். இதை எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருப்பேன். "நூதனசாலைக்குப் போனாயே, பத்து வசனம் எழுது" என்றால் அடுத்த சனிக்கிழமை பிள்ளைக்கு வயிற்றுவலி வரும். கீறிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். இரவு அம்மம்மாவுக்குப் போன் எடுத்து, என்ன பார்த்தது என்று பிள்ளையே சொல்லட்டும். எங்கள் வீட்டில் வலுசர்ப்பக் கதையைக் கேட்ட அம்மம்மா, தான் சின்னவயதில் வாசித்த பழைய சஞ்சிகை ஒன்றைப் பற்றிச் சொன்னா. அதை நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடினோம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 இலிருந்து எண்ணிமப்படுத்தி, யாரும் இலவசமாக வாசிக்கக் கூடியதாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். கொழும்பில் மகளும் ஊரில் அம்மம்மாவும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் மாறி மாறி வாசித்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்களுக்கு அதுதான் வேலை.

தரம் 5 வந்ததும் இதையெல்லாம் நிறுத்திவிடுகிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன். புலமைப்பரிசில் முடியட்டும் என்கிறார்கள். நாங்கள் அந்த வருடம் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று குறைத்தோம், விடவில்லை. நாள் முழுவதும் மாதிரி வினாத்தாள் செய்கிற பிள்ளைக்கு, யாரும் புள்ளி போடாத மூன்று மணி நேரம் மாதத்தில் ஒரு தடவையாவது வேண்டும். மகளே அந்த நாளைக் கலண்டரில் பச்சை நிறத்தில் வட்டமிட்டு வைப்பாள்.

போன இடத்துக்கே திரும்பப் போகத் தயங்காதீர்கள். மும்மொழிக் கல்லிடம் நாங்கள் ஆறு தடவை போயிருப்போம். கடைசியாகப் போன மாதம் போனபோது, மகள் பழைய கொப்பியைப் பையில் கொண்டு வந்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் கீறியதை விரித்துக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, மறந்துபோன அந்த இரண்டாவது வலுசர்ப்பத்துக்குப் பல் வைத்தாள்.